தோரு தத்தின் அப்பா

சவுக்கு மரம் என்றதும் நம்மூர்க்காரர்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பந்தல் கால், கட்டட வேலைக்குச் சாரம், அடுப்பு விறகு. மிஞ்சிப் போனால் கடற்கரைத் தோப்பில் காற்று இரைகிற சத்தம். அதற்கு மேல் அந்த மரத்துக்கு நாம் மரியாதை கொடுத்ததில்லை. ஆனால் அந்தச் சவுக்கு மரத்தின் மேல் ஒரு வங்காளப் பெண் ஆங்கிலத்தில் எழுதிய கவிதை, தமிழ்நாட்டு 12ஆம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் இருக்கிறது. எழுதியவர் பெயர் தோரு தத்.

நாசரேத்தில் இருக்கும் என் அக்கா மகள் ஒருநாள் போனில் கேட்டாள். "மாமா, நீங்க கல்கத்தாலதானே இருக்கீங்க? அந்த மரம் இன்னும் இருக்கா?" மரத்தை எங்கே போய்த் தேட! அந்தத் தோட்டம் இருந்த பாக்மாரி இன்றைக்கு மாணிக்தலாவுக்குக் கிழக்கே வீடுகள் நெருக்கியடித்து நிற்கிற பகுதி. ஆனால் அவள் கேட்ட பிறகு தோருவைப் பற்றி வாசிக்க ஆரம்பித்தேன். வாசிக்க வாசிக்க, தோருவை விட அவருடைய அப்பாவிடம்தான் மனது போய் நின்றது. 1882இல் லண்டனில் அந்தக் கவிதை புத்தகத்தில் வந்தபோது தோரு இறந்து 5 வருடம் ஆகியிருந்தது. அவர் விட்டுப்போன தாள்களையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து உலகத்துக்குக் கொடுத்தவர் அப்பா. அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். மார்ச் கணக்கு முடிப்பு எல்லாம் ஓய்ந்து இப்போதுதான் ஆணி குறைந்திருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

வடக்குக் கல்கத்தாவில் ராம்பாகான் என்று ஒரு பகுதி. அங்கே தத் குடும்பம் என்றால் அந்தக் காலத்தில் பெரிய பெயர். தாத்தா ரசமய் தத் நீதிபதி. பி.காம். படித்தவர்களுக்கு இந்தக் குடும்பத்தில் இன்னொரு பெயர் நிச்சயம் தெரிந்திருக்கும். வெள்ளைக்காரன் ஆட்சியில் இந்தியா எப்படி ஏழையானது என்று பொருளாதார வரலாறு எழுதிய ரமேஷ் சந்திர தத். பரீட்சைக்காக அவர் பெயரை உருப்போட்டபோது, அவருக்குச் சித்தப்பா பெரியப்பா மகள் முறையில் ஒரு கவிஞர் இருந்தார் என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

நம் கதாநாயகர் கோவின் சந்தர் தத் (கோவிந்த சந்திர தத்தைத்தான் அன்றைக்கு ஆங்கிலத்தில் அப்படி எழுதினார்கள்). பிறந்தது 1828. இந்துக் கல்லூரியில் படித்தவர். அரசாங்கக் கணக்குத் துறையில் பெரிய உத்தியோகம். எண்களோடு மாரடிக்கிற பிழைப்புதான், ஆனால் கவிதையும் எழுதுவார். மனைவி க்ஷேத்ரமணி. மூன்று பிள்ளைகள். மூத்தவன் அப்ஜு, 1851. அடுத்தவள் அரு, 1854. கடைக்குட்டி தோரு, 1856 மார்ச் 4. மூவரையும் வைத்து அப்பா ஒரு கவிதை எழுதியிருக்கிறார். அதில் கடைசிப் பிள்ளை ஒல்லியாக, தலைமுடி கலைந்து, பிடிவாதமும் கூச்சமுமாக வந்து நிற்கிறது.

1862இல் தத் சகோதரர்கள் குடும்பத்தோடு ஞானஸ்நானம் எடுத்தார்கள். தோருவுக்கு அப்போது 6 வயது. இதை இன்றைக்கு ஒரு வரியில் எழுதிவிடலாம். அன்றைக்கு ஒரு வங்காள மேல்சாதிக் குடும்பத்தில் அது வீட்டை நடுவில் வகுந்த விஷயம். க்ஷேத்ரமணிக்கு ஆரம்பத்தில் அதில் சம்மதமே இல்லை. பிறகு கணவரை விட உறுதியான விசுவாசி ஆனார், ஒரு ஆங்கில பக்தி நூலை வங்காளத்தில் மொழிபெயர்க்கும் அளவுக்கு. ஆனால் அவருடைய அம்மா, அதாவது பிள்ளைகளின் பாட்டி, கடைசிவரை பழைய வழியிலேயே இருந்தார். தோருவின் கடிதங்களில் அந்தப் பாட்டி மேல் பாசமும் வருத்தமும் சேர்ந்தே வருகின்றன. சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், போக்குவரத்து குறைவு. ஊர் நடுவில் ஒரு தனித் தீவு மாதிரி அந்த வீடு.

1863இல் கோவினுக்குப் பம்பாய்க்கு மாற்றல் வந்தது. (மாற்றல் என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்கு அவர் மேல் ஒரு தனி ஒட்டுதல் வந்துவிட்டது. உங்களில் பலருக்கும் வரும்.) ஒரு வருடத்தில் திரும்பினார்கள். 1865 ஜூலையில் அப்ஜு இறந்தான். வயது 14. அந்தச் சாவுக்குப் பிறகு அப்பா உத்தியோகத்தையெல்லாம் ஒதுக்கிவிட்டு மகள்களின் படிப்பிலேயே முழுதாக இறங்கிவிட்டார் என்பது போலத்தான் அடுத்த ஆண்டுகள் போகின்றன. பெண்களுக்குப் பள்ளிக்கூடம் இல்லை, வீட்டில்தான் எல்லாம். சிவ சந்தர் பானர்ஜி என்ற பெரியவர் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தார். மில்டனின் 'பாரடைஸ் லாஸ்ட்' முதல் பகுதியைப் படித்துப் படித்து மனப்பாடமே ஆகிவிட்டதாம்.

1869இல் கோவின் ஒரு காரியம் செய்தார். மனைவியையும் இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு கப்பல் ஏறிவிட்டார். அந்தக் காலத்தில் ஆண்பிள்ளையைச் சீமைக்கு அனுப்புவதே பெரிய பேச்சு. இவர் பெண்பிள்ளைகளின் படிப்புக்காகக் குடும்பத்தையே பெயர்த்துக்கொண்டு போகிறார். முதலில் பிரான்சின் தென்கரையில் உள்ள நீஸ். அரு, தோரு இருவரும் வாழ்நாளில் உட்கார்ந்த ஒரே பள்ளிக்கூடம் அங்கேதான், அதுவும் சில மாதங்கள். பிறகு பாரிஸ், 1870இல் லண்டன், 1871 முதல் கேம்பிரிட்ஜ். பெண்களுக்கென்று அங்கே அப்போதுதான் தொடங்கியிருந்த உயர் வகுப்புகளுக்குப் போனார்கள். கேம்பிரிட்ஜில்தான் ஒரு பாதிரியார் மகளான மேரி மார்ட்டின் தோருவுக்குத் தோழியானார். இந்தப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

1873இல் கல்கத்தா திரும்பினார்கள். 1874 ஜூலை 23, அரு போனாள். வயது 20. எலும்புருக்கி.

இந்த நோயைப் பற்றி ஒரு வார்த்தை. எலும்புருக்கி, க்ஷயம், காசம், எப்படிச் சொன்னாலும் அன்றைக்கு மருந்து கிடையாது. காரணமே தெரியாது. ராபர்ட் கோக் அந்தக் கிருமியைக் கண்டுபிடித்து அறிவித்தது 1882 மார்ச்சில். வேலை செய்கிற முதல் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது 1940களில். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு, ஜெபம். பணக்காரனுக்கும் அவ்வளவுதான் கையிருப்பு. கோவினிடம் பணம் இருந்தது, தோட்ட வீடு இருந்தது, நல்ல டாக்டர்கள் இருந்தார்கள். அருவின் இருமலைப் பார்த்த அதே அப்பா அம்மா, அடுத்த மூன்று வருடத்தில் தோருவின் இருமலையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அரு இருந்தவரை அக்கா தங்கை இருவரும் சேர்ந்தே இயங்கினார்கள். வயதில் இளையவள் தோரு, ஆனால் முன்னால் நிற்பது அவள்தான். பார்க்கிறவர்கள் அவளைத்தான் அக்கா என்று நினைப்பார்களாம், இதுவும் அப்பா எழுதி வைத்த குறிப்புதான். தோரு ஒரு நாவல் எழுதுவது, அதற்கு அரு படம் வரைவது என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். படம் வரைய வேண்டியவள் போய்விட்டாள்.

இனி வீட்டில் மிச்சம் மூன்று பேர். அப்பாவும் மகளும் புத்தகங்களுக்குள் போய் உட்கார்ந்துகொண்டார்கள். அருவின் சாவுக்குச் சில மாதங்கள் கழித்து, 1874 டிசம்பரில், லால் பிஹாரி டே நடத்திய 'பெங்கால் மேகசின்' பத்திரிகையில் தோருவின் முதல் கட்டுரை வந்தது. பிரெஞ்சுக் கவிஞர் ஒருவரைப் பற்றி. அவளுக்கு வயது 18. அடுத்து அப்பாவும் மகளுமாகச் சேர்ந்து ஒரு பண்டிதரை வைத்துச் சமஸ்கிருதம் படிக்க ஆரம்பித்தார்கள். 47 வயது அப்பாவும் 19 வயது மகளும் ஒரே வாத்தியாரிடம்! எனக்கு இதை நினைத்தால் சிரிப்பும் வருகிறது, பொறாமையும் வருகிறது. நம் வீடுகளில் பிள்ளைகளுக்கு ஹிந்தி டியூஷன் ஏற்பாடு செய்வோம், கொண்டு போய் விடுவோம், வாசலில் நின்று செல்போனைப் பார்ப்போம். கூட உட்கார்ந்து படிக்கிறவர் எத்தனை பேர்?

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மதம் மாறியதற்காகச் சொந்தங்களிடமிருந்து ஒதுங்கி நிற்கிற ஒரு கிறிஸ்தவ அப்பா, விஷ்ணு புராணத்தையும் ராமாயணத்தையும் மூலத்தில் படிக்க மகளோடு உட்கார்கிறார். துருவன் கதையை அவள் 1876இல் ஆங்கிலத்தில் கவிதையாக்கினாள். பிறகு சாவித்திரி, பிரகலாதன், லட்சுமணன், சீதை. இந்தப் பெயர்களை அவளுக்கு முதலில் சொன்னவர் பண்டிதர் அல்ல, அம்மா. 'சீதா' என்ற அவளுடைய சின்னக் கவிதையில் இருட்டிய அறை ஒன்று வருகிறது. மூன்று பிள்ளைகள் அம்மாவைச் சுற்றி உட்கார்ந்து சீதையின் கதையைக் கேட்டு அழுகிறார்கள். அந்த மூன்று பேரும் இனி எப்போது அம்மா பக்கத்தில் ஒன்றாகக் கூடுவார்கள் என்ற கேள்வியோடு கவிதை நிற்கிறது. எழுதும்போது மூன்றில் இரண்டு பேர் இல்லை. அச்சாகும்போது மூன்று பேருமே இல்லை.

1876இல் பவானிபூரில் இருந்த ஒரு அச்சகத்தில் தோருவின் முதல் புத்தகம் வந்தது. பிரெஞ்சுக் கவிதைகளின் ஆங்கில மொழிபெயர்ப்பு. பிரெஞ்சு வயல்களில் பொறுக்கிய கதிர்க்கட்டு என்பது அதன் தலைப்பின் பொருள். அறுவடை முடிந்த வயலில் ஏழைகள் கதிர் பொறுக்குவது ரூத்தின் கதையில் வருமே, அந்தப் பொறுக்குதல். அதில் சில கவிதைகள் அரு மொழிபெயர்த்தவை, அக்காவின் பங்கைத் தங்கை விடவில்லை. மட்டமான தாள், ஆரஞ்சு அட்டை, முன்னுரை கிடையாது. அந்த ஆகஸ்டில் ஒரு பிரதி லண்டனில் ஒரு பத்திரிகை அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. நல்ல புத்தகம் எதுவும் வராத மாதம். ஆசிரியர் அதைத் தூக்கி எட்மண்ட் காஸ் என்ற இளம் விமர்சகர் கையில் கொடுத்தார். அவர் வேண்டாவெறுப்பாகப் புரட்டி, பிறகு அசந்துபோன கதை பல இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது, இங்கே நீட்டவில்லை. பிரான்சிலும் மதிப்புரை வந்தது.

தோரு உயிரோடு கையில் பிடித்துப் பார்த்த தன் புத்தகம் அது ஒன்றுதான்.

1877 ஜனவரியில், பண்டைய இந்தியப் பெண்களைப் பற்றிப் புத்தகம் எழுதிய கிளாரிஸ் பாதேர் என்ற பிரெஞ்சு அம்மையாருக்கு, அதை மொழிபெயர்க்க அனுமதி கேட்டுக் கடிதம் போட்டாள். மகிழ்ச்சியோடு பதில் வந்தது. அந்த வேலை முடியவில்லை. 1877 ஆகஸ்ட் 30 அன்று தோரு இறந்தாள். வயது 21 முடிந்து ஆறு மாதத்துக்குச் சில நாள் குறைவு. மாணிக்தலாவில், அன்றைய அப்பர் சர்க்குலர் ரோட்டில் (இன்றைக்கு ஆச்சார்ய பிரபுல்ல சந்திர ரோடு) உள்ள கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம்.

நிற்க. இந்த இடத்தில் எங்கள் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லாமல் தாண்ட முடியவில்லை.

எனக்கு ஒரு பெரியக்கா இருந்தாள். நான் பார்த்ததில்லை. 1976இல் மூளைக்காய்ச்சலில் போய்விட்டாள், வயது 9. நான் பிறந்தது அதற்கு நான்கு வருடம் கழித்து. அப்பா தொடக்கப்பள்ளி ஆசிரியர். பேச்சே தொழில், ஆனால் அவளைப் பற்றி ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. வீட்டு வேதாகமத்தின் முன்பக்க வெற்றுத்தாளில் பிறப்பு இறப்பெல்லாம் அப்பா கையெழுத்தில் இருக்கும். அவள் பெயர், பிறந்த தேதி, மரித்த தேதி, அவ்வளவுதான். அம்மாதான் எப்போதாவது சொல்வாள், "உங்க பெரியக்கா இருந்தா இந்நேரம்..." என்று. அப்பா எழுந்து வெளியே போய்விடுவார். அப்பா இறந்து இப்போது 11 வருடம். அந்தப் பெண் எப்படிச் சிரிப்பாள், எதற்குச் சண்டை போடுவாள், கணக்கு வருமா வராதா, அப்பாவுக்குத் தெரிந்ததெல்லாம் அவரோடு போய்விட்டது. அதற்காக அப்பாவை நான் குறை சொல்லவில்லை. அந்தத் தலைமுறைக்குத் தெரிந்த ஒரே வழி அதுதான். கோவின் தத்தின் காரியங்களை வாசிக்கும்போதெல்லாம் அந்த வெற்றுத்தாள்தான் கண் முன் வந்தது என்பதற்காகச் சொன்னேன்.

கோவின் என்ன செய்தார்? மகளின் தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டு கையெழுத்துப் பிரதிகள் கிடைத்தன. ஒன்று ஆங்கில நாவல், 'பியாங்கா'. பாதியில் நிற்கிறது. இன்னொன்று பிரெஞ்சில் ஒரு நாவல், நாட்குறிப்பு வடிவில், முழுதாக முடித்தது. அரு படம் வரைய வேண்டியிருந்ததும் இதற்குத்தான்.

'பியாங்கா' எப்படித் தொடங்குகிறது தெரியுமா? ஒரு அடக்க ஆராதனையில். இங்கிலாந்தில் வாழ்கிற ஸ்பானியக் குடும்பம். மூத்த மகள் இனெஸ் இறந்துவிட்டாள். அப்பாவும் தங்கை பியாங்காவும் கல்லறையிலிருந்து வெறும் வீட்டுக்குத் திரும்புகிறார்கள். அக்கா போன பிறகு அப்பாவோடு மிஞ்சிய தங்கை. இதைப் படிக்கிற கோவினின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். கதையில் வருகிற அப்பாவுக்காவது பியாங்கா மிச்சம் இருக்கிறாள்.

1878 ஜனவரி முதல் ஏப்ரல் வரை 'பெங்கால் மேகசினி'ல் அதைத் தொடராக வெளியிடச் செய்தார். கதை எங்கே அறுந்ததோ அங்கே, எழுதிய கை நின்றுவிட்டது என்ற பொருளில் ஒரு சின்னக் குறிப்பு, அவ்வளவுதான். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இந்த இடம். அவர் சாதாரண அப்பா இல்லை, தானே கவிஞர். 1870இல் லண்டனில் வந்த தத் குடும்பக் கவிதைத் தொகுப்பில் அவருடைய பங்கு கணிசம். இரண்டு அத்தியாயம் எழுதி அந்த நாவலை முடித்திருக்க அவரால் முடியும். மகள் பெயரில் வந்திருக்கும், யாருக்கும் தெரிந்திருக்காது. தொடவில்லை. அவள் நின்ற இடத்தில் நிற்கட்டும் என்று விட்டுவிட்டார். கணக்குத் துறையில் இருந்தவருக்கு, இன்னொருவர் பேரேட்டில் தன் கையெழுத்தைப் போடக்கூடாது என்பது பழக்கமாகவே இருந்திருக்குமோ என்னவோ.

அதே 1878இல் கதிர்க்கட்டுப் புத்தகத்தின் இரண்டாம் பதிப்பு. முதல் பதிப்பில் முன்னுரையே இல்லை அல்லவா, இதில் அப்பா எழுதிய நினைவுக் குறிப்பு சேர்ந்தது. தோருவைப் பற்றி இன்றைக்கு யார் எழுதினாலும் அந்தச் சில பக்கங்களிலிருந்துதான் எடுக்க வேண்டும். அதில் புலம்பல் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை. ஒரு அப்பா மகளைக் கவனித்த கவனிப்பு இருக்கிறது.

பந்தயக் கதை அதில்தான் வருகிறது. இரண்டு பேரும் சேர்ந்து படிக்கும்போது ஏதாவது ஒரு சொல்லுக்குப் பொருள் என்ன என்று தகராறு வரும். சமஸ்கிருதம், பிரெஞ்சு, ஜெர்மன், எதுவாக இருந்தாலும். தனக்குத்தான் சரியாகத் தெரியும் என்று அப்பாவுக்கு நிச்சயமாக இருந்தால், பந்தயம் கட்டலாமா என்பார். பந்தயம் ஒரு ரூபாய். அகராதியைப் புரட்டினால் பெரும்பாலும் மகள்தான் ஜெயிப்பாள். எப்போதாவது அவள் தோற்றால் அதைப் பார்க்கத்தான் அப்பாவுக்கு ஆசை. முதலில் முகமெல்லாம் சிரிப்பு. பிறகு மெலிந்த விரல்களால் அப்பாவின் நரைத்த தாடைக் கன்னத்தைத் தட்டுவாள். பிறகு தனக்குப் பிடித்த பிரௌனிங் அம்மையார் கவிதையிலிருந்து ஒரு வரியை எடுத்துவிட்டு, அப்பா பெரியவர், படித்தவர், ஆண்பிள்ளை, ஜெயிக்காமல் என்ன என்கிற மாதிரிக் கிண்டல்.

மெலிந்த விரல் என்று எழுதுகிறார் பாருங்கள். நோயைப் பற்றி அந்த இடத்தில் வேறு எதுவும் சொல்லவில்லை.

இன்னொன்றும் எழுதியிருக்கிறார். அவள் வேகமாகப் படிப்பாள், ஆனால் புரியாத ஒரு சொல்லைக்கூடத் தாண்டிப் போகமாட்டாள். அகராதியில் பார்த்து முடித்த பிறகுதான் அடுத்த வரி. அரு, தோரு இருவரும் பியானோ வாசிப்பார்கள், பாடுவார்கள். இப்படிச் சின்னச் சின்ன விவரங்கள். படிக்கிறவருக்கு ஒரு பெண் எழுந்து நடமாடத் தொடங்குகிறாள். கண்ணீர் விட்டு எழுதியிருந்தால் அப்பாதான் நம் கண்ணுக்குத் தெரிந்திருப்பார், மகள் மறைந்துபோயிருப்பாள் என்று நினைக்கிறேன்.

ஆனால் ஓரிடத்தில் அவரும் கேட்டுவிடுகிறார். செய்ய இவ்வளவு வேலை மிச்சம் இருக்கும்போது மூன்று இளம் உயிர்கள் ஏன் போக வேண்டும், தளர்ந்துபோன கிழவன் நான் மட்டும் ஏன் இன்னும் இருக்கிறேன் என்று. (கிழவன்! அவருக்கு அப்போது வயது 50. எனக்கும் அதற்கும் அதிக தூரம் இல்லை.) அதற்கு அவர் சொல்லிக்கொள்ளும் பதில் விசித்திரமானது. மறுமைக்குப் போக ஒரு பக்குவம் வேண்டும் போலிருக்கிறது, அது பிள்ளைகளுக்கு வந்துவிட்டது, தனக்கு இன்னும் வரவில்லை, இப்போது மங்கலாகத்தான் தெரிகிறது, ஒருநாள் தெளிவாகத் தெரியும் என்கிற மாதிரி. கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார் என்று எங்கள் ஊர்த் துக்க வீட்டு ஜெபங்களில் நூறு முறை கேட்டிருக்கிறேன். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் அதைச் சொல்லும்போது எனக்கு எரிச்சல்தான் வரும். கோவின் அப்படி யாருக்கும் ஆறுதல் சொல்லவில்லை. தன்னைத் தானே பிள்ளைகளுக்குப் பின்னால் வரிசையில் நிறுத்திக்கொள்கிறார். முன்னால் போக வேண்டிய அப்பா, பாடத்தில் பின்தங்கிவிட்ட மாணவன் மாதிரி. சமஸ்கிருத வகுப்பில் இருந்ததும் அதே நிலைமைதானே.

பிறகு பாதேர் அம்மையாருக்குக் கடிதங்கள். பிரெஞ்சு நாவல் 1879இல் அவருடைய முன்னுரையோடு பாரிஸில் வெளிவந்தது. இந்தியர் ஒருவர் பிரெஞ்சில் எழுதிய முதல் நாவல் என்று அதைச் சொல்கிறார்கள். 1880இல் கதிர்க்கட்டு லண்டனில் மூன்றாம் பதிப்பு. 1882இல் புராணக் கதைக் கவிதைகளின் தொகுப்பு, காஸின் முன்னுரையோடு, லண்டனில். சவுக்கு மரம் இருப்பது இந்தக் கடைசிப் புத்தகத்தில். 1877இலிருந்து 5 வருடம், மூன்று நகரங்கள், இரண்டு மொழிகள். கப்பல் தபாலில் கையெழுத்துப் பிரதி போய், பதில் வர மாதக்கணக்கு. தானே நகல் எடுத்து வைத்துக்கொள்ள ஜெராக்ஸ் கடையா இருந்தது?

அந்தக் கடைசித் தொகுப்பில் 'சிந்து' என்று ஒரு கவிதை. தசரதன் அம்பு பட்டு இறந்துபோகும் பையனின் கதை. நமக்கெல்லாம் தெரிந்ததுதான். கண் தெரியாத வயதான பெற்றோர், ஒரே பிள்ளை, தண்ணீர் மொண்டு வரப் போனவன் திரும்பவில்லை. இன்னொன்று 'ட்ரீ ஆஃப் லைஃப்'. இதில் புராணம் இல்லை, அவளும் அப்பாவும்தான். களைத்துப் படுத்திருக்கிறாள், கை அப்பாவின் கைக்குள் இருக்கிறது, இருவரும் பேசவில்லை. அப்போது வெட்டவெளியில் ஒரு மரமும் பக்கத்தில் ஒரு தேவதூதனும் அவளுக்கு மட்டும் தெரிகிறார்கள். பக்கத்தில் இருக்கிற அப்பாவுக்குத் தெரியவில்லை. அதையும் வெளியே கொடுத்தவர் அந்தக் கையைப் பிடித்திருந்தவரே.

சவுக்கு மரத்துக்கு வருவோம். மலைப்பாம்பு மாதிரி ஒரு கொடி சுற்றி இறுக்கியும் சாயாமல் நிற்கிற மரம், உச்சியில் அசையாமல் உட்கார்ந்திருக்கும் குரங்கு, குளத்து அல்லி, குயில். வர்ணனைக்குத்தான் மார்க் என்று அக்கா மகள் சொன்னாள். ஆனால் மரம் அழகாக இருப்பதற்காகத் தனக்கு அது பிரியமில்லை, அதன் அடியில் தன்னோடு விளையாடியவர்களுக்காகத்தான் என்று தோருவே சொல்லிவிடுகிறாள். பிரான்சிலும் இத்தாலியிலும் கடலோரத்தில் நிற்கும்போதுகூட அந்த மரத்தின் அழுகை தனக்குக் கேட்டது என்கிறாள். சவுக்குத் தோப்பின் இரைச்சல் அலைச் சத்தம் மாதிரியே இருக்கும் என்று நம் கடற்கரை ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஊரை விட்டு வந்து வேறு சத்தங்களுக்கு நடுவில் இருக்கிற நமக்கு அந்த வரிகள் கொஞ்சம் கூடுதலாகவே புரியும். பாடநூலில் கவிஞரின் பிறந்த தேதி இறந்த தேதிக்குப் பக்கத்தில் அப்ஜு, அரு என்று இரண்டு பெயரைச் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகளுக்கும் புரிந்துவிடும்.

1884இல் கோவின் இறந்தார். மேரி மார்ட்டினை ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே? தோரு அவருக்கு எழுதிய கடிதங்களைப் பத்திரமாக வைத்திருந்தார். தோட்டத்து மாம்பழம், பூனைக்குட்டிகள், குதிரைகள், மறுபடி இங்கிலாந்து வர வேண்டும் என்கிற ஏக்கம், இருமல், பத்து வரிக்கு ஒரு முறை அப்பா. 40 வருடத்துக்கு மேல் பொறுத்து ஹரிஹர் தாஸ் என்ற வங்காளி வாழ்க்கை வரலாறு எழுத வந்தபோது அவற்றைக் கொடுத்தார். 1921இல் புத்தகமாக வந்தது. கோவினின் நினைவுக் குறிப்பில் இருந்த பெண்ணும் கடிதங்களில் இருக்கிற பெண்ணும் ஒரே ஆள்தான் என்று அப்போது ஊர்ஜிதமானது. அப்பா கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை.

க்ஷேத்ரமணி அதன் பிறகும் பல வருடம் இருந்தார். மூன்று பிள்ளைகளையும், பிறகு கணவரையும் அனுப்பிவிட்டு, 1900 வரை. இருட்டறையில் சீதையின் கதை சொன்ன அம்மா. 'சீதா' அச்சாகிப் பதினெட்டு வருடம் அவர் இருந்திருக்கிறார்.